எத்தனை எக்ஸ்னு கேக்காதீங்க அண்ணாச்சி!

கல்லிடைக்குறிச்சியில இருக்கிற என் மச்சினன் எதை வாங்கினாலும் அட்டவணை போட்டுத்தான் வாங்குவான். மிக்ஸி வாங்கினப்ப போட்டான். பொண்ணு பாக்கப் போனப்பவும் போட்டான்னு வீட்டுக்காரம்மா சொல்லுவா, நான் நம்பினதில்ல. போன மாசம் நம்பிட்டேன் மக்கா. நிக்கான் பி950, கேனான் எஸ்எக்ஸ்70 எச்எஸ், இந்த ரெண்டு கேமராவுல எதை வாங்கன்னு பதினாலு வரிக்குக் கட்டம் போட்டு, ஜெயிச்ச பக்கம் பச்சை, தோத்த பக்கம் சிவப்பு அடிச்சு அனுப்பியிருக்கான். முதல் வரி: எக்ஸ் 83 / 65. அந்த வரிக்கு மட்டும் எழுத்து தடிமன்.

ராத்திரி ஒன்பதரைக்கு போன்.

"அத்தான், எக்ஸ்ல நிக்கான் முன்னால நிக்கு. மெகாபிக்சல்ல கேனான் 20, நிக்கான் 16. ஒண்ணுக்கு ஒண்ணு கழிச்சா சமம். வெயிட்டு பாத்தா கேனான் 600 கிராம் சொச்சம், நிக்கான் ஒரு கிலோ. அப்ப கேனான்தானே?"

எக்ஸையும் மெகாபிக்சலையும் கழிச்சுப் பாத்த மனுசனை நான் முதத் தடவையா பாக்கேன். ஆனா அவனைச் சொல்லிக் குத்தமில்ல. இருபது வருசமா கேமரா விக்கிறவங்க நமக்கு இப்படித்தான் கணக்கு சொல்லிக் குடுத்திருக்காங்க. என் கோவம் மச்சினன் மேல இல்ல, அந்த எக்ஸ் மேல. நானும் அதுக்குக் காசு குடுத்து ஏமாந்தவன்ங்கறதால கோவம் கொஞ்சம் கூடவே இருக்கும், பொறுத்துக்கோங்க.

மச்சினனுக்கு எதுக்கு கேமரான்னு சொல்லிடுதேன். தாமிரபரணி பாசனக் குளங்கள்ல வருசா வருசம் ஜனவரியில நீர்ப்பறவைகளை எண்ணுவாங்க. 2011-ல ஆரம்பிச்சது. மணிமுத்தாறுல இருக்கிற அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம் நடத்துறது. காலேஜ் பிள்ளைங்க, வாத்தியாருங்க, பேங்குல வேலை பாக்கறவங்கன்னு ஆளாளுக்கு ஒரு குளத்தைப் பிரிச்சுக்கிட்டு விடியக்காலையில கரையில போய் நிப்பாங்க. மச்சினன் ரெண்டு வருசமா போறான். அவனுக்கு வேண்டியது கல்யாண வீட்டுல படம் எடுக்கிற கேமரா இல்ல. குளத்துக்கு நடுவுல நிக்கிறது கூழைக்கடாவா, கரண்டிவாயனான்னு காட்டற கேமரா. அதுவும் பஸ்ல கொண்டு போற மாதிரி, லென்ஸ் மாத்தற தொல்லை இல்லாம. சூப்பர்ஜூம்னு சொல்லுற சாதி. ரெண்டும் புது மாடல் இல்ல. கேனான் வந்தது 2018, நிக்கான் வந்தது 2020. அவன் பாத்து வச்சிருக்கிறதும் கைமாறி வர்ற சாமான்தான்.

இப்ப எக்ஸுக்கு வருவோம்.

எக்ஸ்ங்கறது வெறும் வகுத்தல் கணக்கு. லென்ஸோட நீளமான முனையை அகலமான முனையால வகுத்தா எக்ஸ். பி950 24 மி.மீ.ல ஆரம்பிச்சு 2000-ல முடியும், 83 எக்ஸ். எஸ்எக்ஸ்70 21-ல ஆரம்பிச்சு 1365-ல முடியும், 65 எக்ஸ். (எல்லாம் பழைய 35 மி.மீ. ஃபிலிம் கணக்குல சொல்ற நம்பர்.) அப்ப எக்ஸைக் கூட்டணும்னா ரெண்டு வழி இருக்கு. முனையை நீட்டலாம். அதைவிடச் சுளுவா, ஆரம்பத்தை அகலமாக்கலாம். 2007-ல பானாசோனிக் எஃப்இசட்18-ன்னு ஒண்ணு வந்துது, 18 எக்ஸ். அதே வருசம் கேனான் எஸ்5 ஐஎஸ், 12 எக்ஸ். கேட்டவன் என்ன நினைப்பான்? ஒண்ணரை மடங்கு தூரம் பாக்கும்னு நினைப்பான். ஆனா பானாசோனிக் 28-504, கேனான் 36-432. தூரத்துல வித்தியாசம் ஆறுல ஒரு பங்குதான். மிச்ச எக்ஸெல்லாம் எதிர்த்திசையில போயிட்டு! மலை, வயக்காடு, கோயில் பிரகாரம் எடுக்க அந்த அகலம் நல்லதுதான், இல்லேங்கலை. ஆனா தூரத்துப் பறவைக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

சரி, முனை நீளத்தையே பாப்போம்னா அதுலயும் பாதி உண்மைதான் இருக்கு. இதைத்தான் நான் காசு குடுத்துப் படிச்சேன்.

என் முத சூப்பர்ஜூம் கேனான் எஸ்3 ஐஎஸ். 2006-ல வந்த மாடல். 12 எக்ஸ், 6 மெகாபிக்சல், நாலு பென்சில் பேட்டரி. ஜங்ஷன்ல இருந்து பாபநாசம் பஸ்ல ஏறும்போது பையில எட்டு பேட்டரி கிடந்து உருளும், கண்டக்டர் திரும்பித் திரும்பிப் பாப்பார். ஆறேழு வருசம் உழைச்சுது. அப்புறம் 30 எக்ஸ்னு போட்ட ஒரு பாக்கெட் கேமரா வாங்கினேன். கம்பெனி பேரு வேண்டாம். எல்லாக் கம்பெனியும் அப்ப அதே மாதிரி ஒண்ணு வித்துக்கிட்டுத்தான் இருந்தான். கடைப் பையன் கடை வாசல்ல நின்னு ஈரடுக்குப் பாலத்து மேல போற பஸ்ஸோட போர்டை இழுத்துக் காமிச்சான். மத்தியானம் பன்னெண்டு மணி வெயிலு. போர்டு பளிச்சுன்னு தெரிஞ்சுது. 12-ல இருந்து 30! சட்டைப்பையில அடங்குது! மயங்கிட்டேன்.

அடுத்த ஜனவரியில கூந்தன்குளம் பக்கத்துல ஒரு குளக்கரை. மணி ஆறே முக்கால் இருக்கும். தண்ணிக்கு அந்தப் பக்கம் வரித்தலை வாத்துக் கூட்டம். இமயமலையைத் தாண்டி வர்ற பறவை. கூட்டத்துல ஒண்ணோட கழுத்துல பட்டை. என் கூட நின்ன அண்ணாச்சிதான் முதல்ல பாத்தாரு. "ஏ தம்பி, கழுத்தைப் பாரு, காலர் கிடக்கு!"

விசயம் தெரியாதவங்களுக்கு: மங்கோலியாவுல இந்த வாத்துகளைப் பிடிச்சு, கழுத்துல எழுத்தும் எண்ணும் போட்ட பிளாஸ்டிக் பட்டை மாட்டி விடுவாங்க. அந்த மாதிரிப் பட்டை போட்ட வாத்துகளைத் தென்னிந்தியக் குளங்கள்லயும் பாத்துப் பதிவு பண்ணியிருக்காங்க. பட்டையில உள்ள எழுத்தைப் படிச்சுட்டோம்னா அந்த ஒத்தை வாத்து எந்த ஏரியில, எந்த வருசம் மாட்டினதுன்னு முழு ஜாதகமும் வந்துடும். படிக்கலைன்னா அது வெறும் வாத்து.

27 படம் எடுத்தேன். 30 எக்ஸையும் இழுத்து வச்சுத்தான் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டர்ல பெருசாக்கினா பட்டை இருக்கு, எழுத்து இருக்கற இடத்துல புட்டுமாவு தூவின மாதிரி இருக்கு. அது 3-ஆ, 8-ஆ, பி-யா? மூணு பேர் பாத்தோம், மூணு பேரும் மூணு சொன்னோம். கடைசியில தாள்ல "கழுத்துப்பட்டை உண்டு, எழுத்து படிக்க முடியவில்லை"ன்னு எழுதிக் குடுத்தோம். அம்புட்டுதூரம் பறந்து வந்த வாத்து, இவ்வளவு பக்கத்துல நின்னும் அது யாருன்னு கேட்டுத் தெரிஞ்சுக்க முடியலை. வருசம் பல ஆச்சு, இன்னைக்கும் உறுத்துது.

அன்னைக்குத் திரும்பி வரையில மூலைக்கரைப்பட்டியில டீ குடிச்சிக்கிட்டே அண்ணாச்சி அவரோட பைனாகுலரைத் திருப்பிக் காமிச்சாரு. "இதுல என்ன எழுதியிருக்கு படி."

"8 தர 42."

"8 என்னது?"

"எட்டு மடங்கு பெருசாக்கும்."

"42?"

"முன்னால உள்ள கண்ணாடியோட அகலம், மில்லிமீட்டர்ல."

"பைனாகுலர் விக்கறவன் ரெண்டையும் எழுதுதான். உன் கேமராக்காரன் ஏன்டே ஒண்ணை மட்டும் எழுதுதான்?"

டீ ஆறிப் போச்சு எனக்கு. அந்தக் கேள்விதான் நான் சொல்ல வந்த முழு விசயமும். எக்ஸை எழுதறவன் எதை எழுதாம விடுதான்?

அதைக் கண்டுபிடிக்கறது ஒண்ணும் கம்பசூத்திரம் இல்ல. லென்ஸ் வளையத்தைச் சுத்தி சின்ன எழுத்துல போட்டிருப்பான். பி950-ல 4.3-357 மி.மீ., எஃப் 2.8-6.5. இதுதான் நிஜ நீளம். 2000-ங்கறதெல்லாம் ஃபிலிம் காலத்துச் சமானக் கணக்கு. பெரிய நீளத்தைப் பெரிய எஃப் எண்ணால வகுங்க. 357-ஐ 6.5-ஆல வகுத்தா 55. முழுசா இழுத்து வச்சிருக்கும்போது வெளிச்சம் உள்ள போற ஓட்டையோட அகலம் 55 மி.மீ. அவ்வளவுதான் சூத்திரம். இனிமே ஓட்டைன்னே சொல்லுதேன்.

எஸ்எக்ஸ்70: 247-ஐ 6.5-ஆல வகுத்தா 38.

ஓட்டை வட்டம்ங்கறதால பரப்பை ஒப்பிடணும்னா வர்க்கம் போடணும். 55-ம் 38-ம்னா பரப்பு ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேல. எக்ஸ் கணக்குல பாத்தா 83-க்கும் 65-க்கும் ஒண்ணேகால் மடங்குதான் வித்தியாசம். அதாவது, மச்சினன் மெகாபிக்சலோட கழிச்சானே, அந்த வித்தியாசம் நிஜத்துல ரெண்டு மடங்கு! ஒரே காலை, ஒரே வாத்து, ரெண்டு பேரும் ஒரே கரையில நின்னு முழுசா இழுத்து எடுக்கோம். எஃப் எண்ணும் ஒண்ணு, சென்சாரும் ஒரே அளவு, அதனால ஷட்டர் வேகமும் ஒண்ணு. ஆனா நிக்கான்காரனுக்கு வாத்து ரெண்டு மடங்கு இடத்துல விழுது, வாத்துகிட்ட இருந்து வர்ற வெளிச்சமும் ரெண்டு மடங்கு.

நம்ம ஊர் பாஷையில சொல்லணும்னா, எக்ஸ்ங்கறது வாய்க்கால் நீளம், ஓட்டைங்கறது மடை அகலம். கன்னடியன் கால்வாய் எவ்வளவு தூரம் ஓடுதுன்னு மட்டும் கேட்டுட்டு வயலுக்கு எவ்வளவு தண்ணி வரும்னு சொல்ல முடியுமா? மடையில எவ்வளவு திறக்கான்னு பாக்கணும். மடை சின்னதா இருந்து வாய்க்கால் மட்டும் நீண்டா கடைமடைக்காரனுக்கு ஈரம்தான் வரும், தண்ணி வராது.

இப்ப என் சோகக் கதையைக் கணக்காப் போட்டுப் பாக்கேன். 12 எக்ஸ் எஸ்3-ல 72-ஐ 3.5-ஆல வகுத்தா ஓட்டை 20 சொச்சம். நான் மயங்கி வாங்கின 30 எக்ஸ் பாக்கெட் கேமராவுல ஓட்டை? 20. இரண்டரை மடங்கு எக்ஸுக்குக் காசு குடுத்து அதே ஓட்டையை வாங்கிட்டு வந்திருக்கேன். ஹி ஹி. அதே அளவு வெளிச்சத்தை எடுத்து இன்னும் பெருசா இழுத்து நீட்டினா என்ன ஆகும், புட்டுமாவுதான் ஆகும். கடை வாசல்ல மத்தியான வெயில்ல தெரியாம போனதும் இதனாலதான். நல்ல வெயில்ல எஃப் 6.5-ல ஐஎஸ்ஓ 100 வச்சாலே 600-ல ஒரு பங்கு நொடி கிடைக்கும், எந்தக் கேமராவும் ராஜாதான். விடியக்காலையில வெளிச்சம் முப்பதுல ஒரு பங்கா இறங்கிட்டா அதே 20-ல ஒரு பங்கு ஆயிடும். லென்ஸை ஆடாம பிடிக்க உள்ள மோட்டார் வச்சிருக்கான், சரி. வாத்தை ஆடாம பிடிக்க யாரு வச்சிருக்கா? உடனே ஐஎஸ்ஓவை ஏத்தணும், ஏத்தினா மாவு.

இன்னொரு கணக்கு சொல்லுதேன். எனக்கே இதைப் போட்டப்ப சிரிப்பு வந்துட்டு. பானாசோனிக் எஃப்இசட்300-ன்னு 2015-ல வந்த கேமரா. வெறும் 24 எக்ஸ், 600 மி.மீ.யோட நின்னுடும். எக்ஸ் பாத்து வாங்கறவன் எவனும் திரும்பிக்கூடப் பாக்க மாட்டான். ஆனா அது கடைசி வரைக்கும் எஃப் 2.8. 108-ஐ 2.8-ஆல வகுங்க: 38. 65 எக்ஸ் கேனானோட அதே ஓட்டை! சோனி ஆர்எக்ஸ்10 நாலாவது மாடல், 2017. 25 எக்ஸ். 220-ஐ 4-ஆல வகுத்தா 55. 83 எக்ஸ் நிக்கானோட அதே ஓட்டை, அதுலயும் சென்சார் நாலு மடங்கு பெருசு. (விலையும் அப்படித்தான். அதைப் பத்தி நாம பேச வேண்டாம்.) 24-ம் 65-ம் ஒண்ணு, 25-ம் 83-ம் ஒண்ணுன்னா அந்த எக்ஸை வச்சு என்னத்தை ஒப்பிடுதீங்க?

மெகாபிக்சல் 20-ஆ 16-ஆங்கற சண்டைக்கு நாலு வரி போதும். இந்தச் சின்ன சென்சார்ல ஒரு புள்ளி 1.2, 1.3 மைக்ரான்தான் இருக்கும். எஃப் 6.5-ல வெளிச்சம் ஒரு புள்ளியா விழாது, எட்டு ஒன்பது மைக்ரான் அகலத்துக்கு வட்டமா பரவித்தான் விழும். அது ஒளியோட குணம், எந்தக் கம்பெனிக்காரனும் மாத்த முடியாது. ஆறேழு புள்ளிக்கு மேல ஒரே வட்டம் உக்காந்திருக்கும்போது புள்ளியைக் கூட்டி என்ன பிரயோசனம்? அந்த வரியை அட்டவணையில இருந்தே அடிச்சுரு மாப்ளேன்னுட்டேன்.

"அப்ப ஓட்டை பெருசா இருக்கறதே வாங்குவோம், நிக்கான்லயே பி1000 இருக்கே, 125 எக்ஸ்"னான். விடமாட்டான். 539-ஐ 8-ஆல வகுத்தா 67, ஓட்டை பெருசுதான், ஒத்துக்கிடுதேன். 2018-ல வந்தப்ப உலகமே வாயைப் பொளந்துச்சு, அதே லென்ஸை வச்சு 2025-ல பி1100-ன்னு திரும்பவும் விட்டிருக்கான். ஆனா ஒரு கிலோ 400 கிராம். அதையும் தாங்கிக்கலாம். தாங்க முடியாத சாமான் ஒண்ணு நம்ம சீமையில இருக்கு: கானல். நாங்குநேரி பக்கம் பங்குனி சித்திரையில காலை பத்து மணிக்கு மேல குளத்துக்கு மேல காத்து கொதிக்க ஆரம்பிச்சுடும். 200 மீட்டருக்கு அந்தப் பக்கம் நிக்கிற நாரை தண்ணிக்குள்ள நிக்கிற மாதிரி நெளியும். அதை 3000 மி.மீ.ல பாத்தா பெரிய நெளிசல், 1365-ல பாத்தா சின்ன நெளிசல். ஓட்டையும் உதவாது, எக்ஸும் உதவாது. அங்க வேண்டியது அலாரம் கடிகாரம்.

இந்தப் பேச்சை எடுத்தாலே ரெண்டு கோஷ்டி சண்டைக்கு வரும்.

முதல் கோஷ்டி "போனே போதும்". 2010-ல உலகம் பூரா 12 கோடி டிஜிட்டல் கேமரா கப்பல் ஏறிச்சு, 2023-ல ஒரு கோடிகூட இல்ல, இந்தக் கோஷ்டி ஏற்கனவே ஜெயிச்சாச்சு. பிள்ளை பொறந்தநாளு, கோயில் கொடை எல்லாத்துக்கும் நானும் போன்தான். ஆனா குளக்கரைக்குப் போனைத் தூக்கிட்டு வராதீங்க. ஏன்னா போன்காரர் கிட்டத்துல போயே ஆகணும். கூந்தன்குளத்துல நாரைங்க ஊருக்குள்ளயே வீட்டு மரத்துலயும் கூடு கட்டும். அந்த ஊர்க்காரங்க தலைமுறை தலைமுறையா அதுகளைப் பாத்துக்கிடுதாங்க. பறவை பயந்துடும்னு தீபாவளிக்கு வெடி போடாத ஊரு. அங்க வந்து மரத்தடியில நின்னு கையைத் தட்டி, பறவை எந்திரிக்கட்டும்னு போனைத் தூக்கிப் பிடிச்சவரை நான் கண்ணால பாத்திருக்கேன். மஞ்சள்மூக்கு நாரை வெயில்ல இறக்கையை விரிச்சுக் குஞ்சுக்கு நிழல் குடுத்துக்கிட்டு நிக்கும். அது எந்திரிச்சுப் போனா குஞ்சு வெயில்ல கிடக்கும், காக்கா காத்துக்கிட்டே இருக்கும். தூரத்துல நிக்கிறதுக்குத்தான் அண்ணாச்சி ஜூமு!

"என் போன்லயே 100 எக்ஸ் இருக்கு"ன்னு அடுத்த அம்பு வரும். 2020-ல சாம்சங் எஸ்20 அல்ட்ரா முதுகுல 100 எக்ஸ்னு பொறிச்சே வித்தான். 2023-ல ஒருத்தர் நிலா படத்தை வேணும்னே மங்கலாக்கி, கம்ப்யூட்டர் திரையில வச்சு, இருட்டு ரூமுல அந்த வரிசைப் போன் ஒண்ணால தூரத்துல நின்னு எடுத்துக் காமிச்சாரு. திரையில இல்லாத பள்ளமெல்லாம் படத்துல வந்துது. அப்புறம் கம்பெனியே, நிலான்னு தெரிஞ்சா செயற்கை நுண்ணறிவை வச்சு விவரத்தைக் கூட்டுதோம்னு விளக்கம் குடுத்துச்சு. நிலாவுல பரவால்ல, நிலா ஒண்ணுதான் இருக்கு. வாத்து கழுத்துல எழுத்து வேற வேற. இல்லாத பள்ளத்தை வரையத் தெரிஞ்ச சாமான் இல்லாத எழுத்தையும் வரையாதுன்னு என்ன நிச்சயம்? எனக்கு 3-ஆ 8-ஆன்னு தெரியலைன்னா தெரியலைன்னு காட்டற புட்டுமாவு படமே மேல். அதுல பொய் இல்ல.

ரெண்டாவது கோஷ்டி பெரிய ஆளுங்க. "சூப்பர்ஜூம்லாம் பொம்மை வே, டிஎஸ்எல்ஆர் வாங்கும், 150-600 போடும்." இவங்க சொல்லுறதுல நியாயம் இருக்கு. 600-ஐ 6.3-ஆல வகுத்தா ஓட்டை 95. சூத்திரம் என்னோடதுதான், அதை வச்சே என்னை அடிக்கலாம். ஆனா அந்த லென்ஸ் மட்டும் ரெண்டு கிலோ பக்கம் வரும், பாடி தனி, விலை மச்சினன் வச்சிருக்கிற காசைப் போல சில மடங்கு. காருல வந்து இறங்கற அண்ணாச்சிமாருக்கு அது சரி. அம்பையில பஸ் ஏறி, இறங்கி, ஒத்தையடிப் பாதையில ரெண்டு கிலோமீட்டர் நடக்கற பயலுக்கு? வாங்கினதும் ஆறு மாசத்துல பீரோவுக்குள்ள போயிடும். பீரோவுல இருக்கிற கேமராவுக்கு ஓட்டை சைபர்.

எடை விசயத்துல மட்டும் கேனான் பக்கம் நானே வாதாடுவேன். கேனானுக்கு 21 மி.மீ. அகலம் இருக்கு. திருப்புடைமருதூருக்கு ஒரு நாள் போனா தெரியும். கடனாநதி தாமிரபரணியில வந்து சேர்ற ஊரு. 2005-ல பறவைகள் காப்பகமா அறிவிச்சாங்க. நாறும்பூநாதர் கோயிலைச் சுத்தியிருக்கிற மருத மரத்துல பறவை, கோயில் கோபுரத்துக்குள்ள அடுக்கடுக்கா பழைய சுவரோவியம். அந்தக் குறுகலான கோபுர அறைக்குள்ள பின்னால போக இடம் கிடையாது, 24-ஐ விட 21 நல்லாவே கை குடுக்கும். தும்பி, வண்ணத்துப்பூச்சி எடுக்கவும் கேனான்தான். முழுசா இழுத்தும் ரெண்டு மீட்டர்ல ஃபோகஸ் ஆகும், நிக்கானுக்கு அஞ்சு மீட்டர் வேணும். ஓவியமும் தும்பியும்தான் உங்க ஆசைன்னா, ஓட்டையை மறந்துட்டு கேனானைத் தூக்குங்க, சண்டையே இல்ல.

ஆனா மச்சினன் கேட்டது குளத்துக்கு.

பேச்சு போதும்னு போன சனிக்கிழமை ரெண்டு கேமராவையும் ஒரே நேரத்துல நயினார்குளக்கரைக்கு வரவழைச்சோம். நிக்கான் பாளையங்கோட்டைக்காரர் ஒருத்தரோடது, கேனான் மச்சினனோட சிநேகிதனோடது. ரெண்டுக்கும் எங்க மெமரி கார்டை நாங்களே கொண்டு போனோம். காலை ஆறரை. பறவை அசையும்ங்கறதால முதல்ல அசையாத சாமானா பாத்தோம். எதிர்ப்பக்கம் ஒரு சுவர் விளம்பரம், சிமெண்டுக்கு. சுவர் விளம்பரத்துல கீழ மூலையில எழுதின பெயிண்டர் பேரைக் குட்டியூண்டு எழுத்துல போட்டிருப்பாங்கள்ல? அதுதான் எங்க வாத்துக் காலர்.

முட்டுக்குக் கரைச்சுவர்ல வச்சு ஆளுக்குப் பத்து படம். கேனான்ல "ஆர்ட்ஸ்"ங்கறது தெரிஞ்சுது, பேரு ஊகம்தான். நிக்கான்ல பேரு, ஊரு, போன் நம்பர்ல முதல் அஞ்சு எண் வரைக்கும் மச்சினன் வாசிச்சான். ஏழே கால் மணிக்கு வெளிச்சம் ஏறினதும் கேனான்லயும் பேரு வந்துட்டு. பத்தரைக்குத் திரும்ப எடுத்தோம், ரெண்டுலயும் சிமெண்டு விளம்பரமே நெளிஞ்சுது :-)

நடுவுல ஒரு நீர்க்காகம் பக்கத்துலயே வந்து உக்காந்து இறக்கையைக் காயப்போட்டுது. மச்சினன் அவசரத்துல நிக்கானை 2000-க்கு இழுத்து வச்சுக்கிட்டு வானத்துல தேடறான். ரெண்டு கேமராவுலயும் இதுக்குன்னே ஒரு பட்டன் இருக்கு. அமுக்கினா ஜூம் பின்னால வந்து அகலமா காட்டும், பறவையைக் கட்டத்துக்குள்ள வச்சுட்டு விட்டா பழைய இடத்துக்கே போயிடும். அட்டவணையில பதினாலு வரி போட்டவன் அதைப் போடலை. அந்தப் பட்டன் வேலை செய்யுதா, ஜூம் மோட்டார் திக்கித் திக்கிப் போகுதா, டார்ச்சை லென்ஸுக்குள்ள அடிச்சா நூலாம்படை மாதிரி பூஞ்சை தெரியுதான்னு பாத்துட்டுத்தான் பழைய சாமான் வாங்கணும். லென்ஸைக் கழட்ட முடியாத கேமரா, உள்ள பூஞ்சை ஏறினா குப்பைக்குத்தான். பாளையங்கோட்டைக்காரரோடது சுத்தமா இருந்துது.

அன்னைக்கு ராத்திரி திருத்தின அட்டவணை வந்துது. மெகாபிக்சல் வரியைக் காணோம். முதல் வரியில "ஓட்டை: 55 / 38", நிக்கான் பக்கம் பச்சை. எக்ஸ் வரியைக் கடைசிக்குத் தள்ளியிருக்கான், அழிக்க மனசு வரலை போல.

இன்னும் வாங்கி முடியலை. மச்சினன் மூவாயிரம் குறைச்சுக் கேக்கான். பாளையங்கோட்டைக்காரர் இறங்க மாட்டேங்காரு. நேத்து எனக்கே போன் பண்ணிட்டாரு: "சார், உங்க மச்சினர்கிட்ட கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க. 83 எக்ஸ் சார்!"